பிறந்த வீட்டுக் கோடி

அப்பா இறந்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டாயிற்று, கொட்டுக்காரர்கள் வந்தாயிற்று, திருப்பூரிலிருந்து தம்பியும் வந்து சேர்ந்துவிட்டான். அந்த நேரத்தில்தான், மாரில் அடித்து அழுதுகொண்டிருந்த அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, குழாயை மூடினாற்போல அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மதினிக்குப் பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா?"

எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தால், பெண்டாட்டிக்கு அவளுடைய அண்ணனோ தம்பியோ ஒரு புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அவளே செத்துப்போனாலும் அப்படித்தான்; பிறந்த வீட்டுச் சேலை மேலே விழுந்த பிறகுதான் மற்றவர்களின் துணி. இவள் அநாதை இல்லை, கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்கிற சேலை அது. அது வராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு வர யாருமில்லை என்பது அத்தைக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். அதற்காக நான் அவளை இன்று வரை மன்னிக்கவில்லை, இனிமேல் மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. கூட்டம் முழுக்க அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. யாரோ பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு சேலை வாங்கி வந்தார்கள். பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவரை, "முறைக்கு நீங்க போட்டிருங்க" என்று கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் அம்மாவின் தோளில் போட்டுவிட்டுப் போனார். அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நான் செத்தாலாவது எங்க வீட்டு ஆளு ஒருத்தர் வந்து ஒரு சேல போடணும். கடையில வாங்குனதாவே இருந்துட்டுப் போவுது. கை எங்க வீட்டுக் கையா இருக்கணும்."

அம்மா என்னிடம் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும், "இத இம்புட்டு நாளா ஏன் சொல்லல?" என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

அம்மாவுக்கு எட்டு வயது இருக்கும்போது இந்த வானம் பார்த்த பூமியில் மழை அடுத்தடுத்துப் பொய்த்திருக்கிறது. தாத்தா குடும்பத்தோடு பிழைப்புத் தேடி வடக்கே கிளம்பினார். அத்தனை வயிற்றையும் இழுத்துக்கொண்டு போக முடியாது என்று மூத்தவளை மட்டும் கோவில்பட்டியில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தியிடம் விட்டார். அவள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் முதலில் தீப்பெட்டித் தொழிற்சாலைதான். ஃபைல் இருக்கிற ஆபீஸ் எல்லாம் அப்புறம். பிள்ளையும் அவளோடு உட்கார்ந்து கட்டை என்கிற சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினாள். "மழ பேஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிருதேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போன தாத்தா, மழை பெய்த பிறகும் வரவில்லை. அந்தச் சொந்தக்காரிதான் வளர்த்து, கட்டிக்கொடுத்து, நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள்.

ஊர்ப் பெயர் அம்மாவுக்கு நினைவிருந்தது. இடைசெவலைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஒரு சின்ன ஊர். அப்பா கல்யாணமான புதிதிலேயே சைக்கிளில் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். பஞ்சத்தில் போன குடும்பம் போனதுதான், திரும்பவே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வீடு இருந்த இடத்தில் வேலிக்கருவை மண்டிக் கிடந்ததாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் எங்கள் சின்ன வயதில் எங்களுக்கு ஒரு மாமா இருந்தார். தைப்பொங்கலுக்கு முந்தின நாள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி வரும். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, மண்டைவெல்லம், வாழைத்தார், ஒரு சேலை. யார் வீட்டுக் கரும்பு உயரம் என்று நாங்கள் அளந்து பார்ப்போம். எங்கள் வீட்டிலும் கரும்பு சாத்தியிருக்கும். "மாமா கொண்டாந்து வச்சிட்டுப் போனாக, நீங்க பள்ளிக்கூடத்துல இருந்திய" என்பாள் அம்மா. வருஷா வருஷம் நாங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துபோகிற மாமா. பொங்கல் லீவு விட்ட பிறகும் பள்ளிக்கூடம் ஏது என்று யோசிக்கிற அறிவு எனக்கு வரப் பல வருஷம் ஆனது. அறிவு வந்த பிறகு நான் கேட்கவில்லை. தம்பிதான் ஒரு தடவை, "மாமா மீசை வச்சிருப்பாரா?" என்று கேட்டுவிட்டான். அம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சப்ப வைக்கல" என்றாள்.

அது பொய்யில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே திரிந்ததில் இடுப்பு காய்த்துப்போனது என்று சொல்லுவாள்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு எல்லாரும் அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்பார்கள். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதான். அம்மாவும் அப்பாவின் சாஸ்தாவுக்குத்தான் வருவாள். ஆனால் வீடு திரும்பியதும், காலைக்கூடக் கழுவாமல், ஒரு கைப்பிடி கானப்பயறை, கொள்ளைத்தான் அப்படிச் சொல்வோம், உப்புப் போடாமல் அவித்து இலையில் வைத்துக் கொல்லைப்புறச் சுவரோரம் வைப்பாள்.

"யாருக்கும்மா இது?"

"எங்க சாமியோட குதிரைக்கு."

"குதிர எங்க?"

"வரும்."

காக்காய்தான் வரும். ஒரு வருஷம் நானும் தம்பியும் அந்தப் பயறை எடுத்து உப்புப் போட்டுத் தின்றுவிட்டோம். அம்மா அடித்த அடியில் விளக்குமாறு பிரிந்துபோனது.

அப்பா போன பிறகு எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கானப்பயறுதான். ஊரைவிட்டுப் போனவன் வீட்டை மறப்பான், நிலத்தை விற்பான், சாஸ்தாவை விடமாட்டான். எங்கே இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு வந்து நிற்பான். அம்மாவின் ஆட்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவர்கள் வந்து நிற்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் எந்தச் சாஸ்தா? அம்மாவுக்குப் பெயர் தெரியவில்லை. ஓடைக்கரை, கரிசல்காடு, காது ஒடிந்த மண்குதிரை, கானப்பயறு. இவ்வளவுதான்.

நான் கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன். நான் கணக்கெழுதுகிற ஸ்பின்னிங் மில்லில் கேட்டேன், காய்கறிக் கடையில் கேட்டேன், ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "என்ன மேடம், கானப்பயறுக்கு ஏஜென்சி எடுத்திருக்கியளா?" என்று மில்லில் கேலி பண்ணினார்கள். தம்பி போனில், "இதெல்லாம் இப்ப யாருக்கா பாக்கா? ஒரு சேலதானே, நான் எடுத்துத் தாரேன்" என்றான். அவனுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

கடைசியில் விளாத்திகுளம் பஸ்ஸில் வற்றல் மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் சொன்னாள். "நாகலாபுரத்துல எறங்கி அங்கிட்டுப் போனா ஒரு சாஸ்தா இருக்காரு. அங்கன குதிரைக்குக் கானப்பயறு வைப்பாக."

"உப்புப் போடாமலா?"

"குதிர உப்புத் திங்குமா?" என்றாள் அவள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு என் வீட்டுக்காரர், "அப்ப எங்க சாமிக்கு யாரு பொங்க வைக்கது?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு கிடந்தார். "நீங்க வைங்க, சாமி வேண்டாம்னா சொல்லப் போவுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. "முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி அவளை வீட்டில் இருக்கச் சொன்னேன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓடையில் மண் இருந்தது, தண்ணீர் இல்லை. குதிரைக்குப் புதுப் பெயின்ட் அடித்து ஒடிந்த காதைச் சிமெண்டில் வைத்துவிட்டிருந்தார்கள். கீழே இலை இலையாகக் கானப்பயறு. மரத்துக்கு மரம் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தது. நான் ஒவ்வொரு மரத்தடியாகப் போய்க் கேட்டேன்: "உங்க வீட்டுல ஒரு பொம்பளப்புள்ளைய கோவில்பட்டியில விட்டுட்டுப் போனாகளா?" சிலர் சிரித்தார்கள். ஓர் ஆள், "சொத்துல பங்கு கேட்டு வந்திருக்கியாக்கும்?" என்றான். "உன் காட்டுல வெளயுத வேலிக்கருவைல எனக்குப் பங்கு வேண்டாம், நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு பெரியவர் குடத்தைச் சாய்த்துப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் குடம் அப்படியே நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தார். அம்மாவின் மூக்கு. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

"நீ யாரும்மா?"

"அந்தப் புள்ளையோட மக."

"மகளா? அவ எங்க..."

"கோவில்பட்டியிலதான் இருக்கா."

"உசுரோடயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, மாமா" என்று அழுதேன். பொங்கல் பொங்கிக் குலவை போட்டார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "வீட்டுக்கு வா, பேசிக்கிடுவோம்" என்று மட்டும் சொல்லி என்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனார். மற்றவர்கள் கோயிலிலேயே இருந்தார்கள். பஞ்சம் தீர்ந்த பிறகு சொந்த ஊருக்குப் போகாமல் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து அங்கேயே தங்கிவிட்டார்களாம். அப்பா சைக்கிளில் போய் வெறும் வேலிக்கருவையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது அதனால்தான்.

வீட்டுக்குள் தென்மேற்கு மூலையில் ஒரு மாடம். அதில் விளக்கு, அதன் கீழே மஞ்சள் பூசிய ஓலைப்பெட்டி. மாமா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திறந்தார். உள்ளே ஒரு பட்டுப்பாவாடை, சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், சாந்துப்பொட்டு.

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை அந்த வீட்டார் கன்னி என்று கும்பிடுவார்கள். வருஷத்துக்கொரு தடவை அவள் அளவுக்குப் புதுத்துணி எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள்.

"ஒங்கம்மாதான்" என்றார் மாமா.

அவர்கள் வடக்கே இருந்தபோது, கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மருந்தில் தீப்பிடித்துப் பிள்ளைகள் கருகிப்போனார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாத்தா ஓடி வந்தார். அம்மாவை வைத்திருந்த சொந்தக்காரி அதற்குள் வேறு தெருவுக்கு வீடு மாறியிருந்தாள். பழைய தெருவில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவளும் கருகிப்போனாள் என்று தாத்தா தலைமுழுகிவிட்டுப் போய்விட்டார். பின்னால் மாமாவுக்குக் கல்யாணமாகி, பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. குறி கேட்டதில், "வீட்டுல ஒரு கன்னி துணி கேக்கா" என்று வந்தது. பெட்டி வைத்தார்கள். அடுத்த பிள்ளை தங்கியது. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவளைக் கேட்காமல் விதை போட்டதில்லை, தாலி கட்டினதில்லை. பேத்திக்கு அவள் பெயர்தான். பெட்டியில் புதுப் பாவாடை வைத்ததும் பழையதைப் பேத்தி கட்டிக்கொள்ளும்.

நான் அம்மா கேட்டதைச் சொன்னேன். "ஒரு சேல, மாமா. இப்ப இல்ல, அவ காலம் முடியும்போது. நீங்க வந்து ஒங்க கையால போட்டாப் போதும். அதுக்கு முன்னால ஒரு தடவ வந்து பாருங்க."

அவர் பெட்டியை மூடினார்.

"எப்படித் தாயி வருவேன்? அவ உசுரோட இருக்கான்னு நான் வந்து பாத்துட்டா, இம்புட்டு வருசமா நாங்க கும்பிட்டது யார? அந்தப் பேத்திப் புள்ள யாரு குடுத்தது? வீட்டுல பொம்பளையளுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

"பொட்டிக்குத் துணி எடுக்குதீங்களே, கூடப் பொறந்தவளுக்கு எடுக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். என் வாய் அப்படி. அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "என்னைய இடுப்புலயே வச்சிருப்பா, என்னைய இடுப்புலயே வச்சிருப்பா" என்று அதையே சொன்னார். கிளம்பும்போது திருநீறும் ஒரு மூடித் தேங்காயும் கொடுத்தார், போன் நம்பரை மாற்றிக்கொண்டோம். அந்த மனுஷனை வெறுக்கவும் எனக்கு வழி இல்லாமல் போனதுதான் கொடுமை.

கோவில்பட்டியில் அம்மா நல்ல சேலை கட்டி, முகம் கழுவி, வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். "தம்பி ஒருவேள கூட வந்துட்டா குடுக்கணும்லா" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள்.

"எட்டு வயசுலயே செத்துட்டேனா நான்? பொறவு என்னத்துக்குட்டி உங்கப்பனுக்கு இம்புட்டு காலம் சோறு பொங்குனேன்?"

நான் சிரிக்கவில்லை. அவளும் உடனே நிறுத்திவிட்டாள்.

"பாவாட என்ன கலரு?"

"அரக்கும்மா. பச்சக் கரை."

"எனக்கு அப்ப பாவாடையே கிடையாது" என்றாள். "எங்கம்மா பழஞ்சேலையக் கிழிச்சுக் கட்டிவிடுவா."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேத்திப் புள்ள நல்லாயிருக்கா? ஓடியாடித் திரியுதா?" என்று கேட்டாள். நல்லாயிருக்கிறதாம் என்றேன். "அப்ப அவியளத் தொந்தரவு பண்ணாத. நான் செத்தா அங்கிட்டு ஆளும் அனுப்பாத, போனும் போடாத. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, என்னாலதான்னு ஆயிரும்." என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு சேலைப் பேச்சை எடுக்கவே இல்லை. கடலைமிட்டாய் பாக்கெட் ஷெல்ஃபில் கிடந்து நமுத்துப்போய்க் கடைசியில் எறும்புக்குப் போனது.

மூன்று வருஷம் கழித்து ஒரு மார்கழியில் அம்மா இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதே தெருவில் அதே மாதிரிப் பந்தல். அத்தை வந்திருந்தாள், பல்லெல்லாம் கொட்டி, ஓர் ஆள் பிடித்துக் கூட்டிவர வேண்டிய நிலைமை. இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை. வேறு யாரோ கேட்டார்கள்: "பொறந்த வீட்டுக் கோடி?"

என் கையில் போன் இருந்தது. மாமாவின் நம்பர் அதில் இருந்தது. ஒரு போன் போட்டால், அவர் வருவாரோ மாட்டாரோ, கேட்டோம் என்றாவது இருக்கும். சத்தியத்தை மீறிவிடலாமா என்று நம்பரைத் திறந்து திறந்து மூடினேன். "இல்ல. வராது" என்றேன். மறுபடி பைக் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனது. பக்கத்துத் தெரு அண்ணாச்சியும் இப்போது இல்லை. அவர் மகன் வந்து போட்டான். விலைச்சீட்டை நான் பிய்த்தேன்.

தை மாதக் கடைசியில் மாமாவே கூப்பிட்டார். "தாயி, வெள்ளிக்கெழம கன்னிக்குப் படைப்பு வச்சிருக்கோம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது, தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்கிடுதேன். நீ வா." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ எப்படியிருக்கா?" என்றார்.

"மார்கழியில போயிட்டா, மாமா."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. மூக்கைச் சிந்திவிட்டு மெல்லச் சொன்னார்: "இனிமே மனசுல உறுத்தல் இல்லாமக் கும்பிடலாம், தாயி."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஒரு சேல போட ஆளில்லாமப் போனா, மாமா."

"அதான் வருசா வருசம் எடுத்து வைக்கோமே. இந்தத் தடவையும் நல்ல பட்டாத்தான் எடுத்திருக்கேன்."

"அது எட்டு வயசுப் புள்ளைக்கு, மாமா" என்றேன். "எங்கம்மாவுக்கு அது முழங்காலக்கூட மறைக்காது."